அழித்த பிறகும் குறையாத டிஸ்க்: நாஸ் பெட்டியுடன் நீண்ட காலப் பயன்பாடு

கணினியிலிருந்து நாஸில் (நெட்வொர்க் வழியே ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க் பெட்டியில்) உள்ள 400 ஜிபி வீடியோவை அழித்தாயிற்று. பெட்டியின் திரையிலோ காலியிடம் அப்படியே நிற்கிறது. நாஸை வருடக்கணக்கில் ஓட்டினால் இதை எப்போதாவது சந்தித்தே ஆக வேண்டும். டிஸ்க் பழுதில்லை, பதற வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது பெட்டியின் சொந்த ரீசைக்கிள் பின். நெட்வொர்க் ஃபோல்டரில் டெலிட் கொடுத்தால் விண்டோஸ் 'நிரந்தரமாக அழிக்கவா?' என்று கேட்கும். டெஸ்க்டாப்பின் ரீசைக்கிள் பின்னுக்கு ஃபைல் வராது. ஒழிந்தது என்றே தோன்றும். ஆனால் ஷேர்டு ஃபோல்டருக்கு ரீசைக்கிள் பின் இயக்கத்தில் இருந்தால், சினாலஜி நிறுவனத்தின் நாஸ் அதை அதே வால்யூமில் (அதே சேமிப்புப் பகுதியில்) '#ரீசைக்கிள்' என்ற ஃபோல்டருக்கு நகர்த்துகிறது, அவ்வளவுதான். ஒரு பைட் இடம்கூட விடுபடாது. பின்னை நிறுத்திவிடாதீர்கள், டாஸ்க் ஷெட்யூலரில் 14 நாள் கடந்தவற்றை மட்டும் தினமும் அழிக்கும் வேலையைப் போட்டுவிடுங்கள். அந்தப் பின்னைத் திறக்கும் உரிமை அட்மினுக்கு மட்டும் இருப்பது நல்லது.

பின்னைக் காலி செய்தும் இடம் வரவில்லையா? பெரும்பாலும் ஸ்னாப்ஷாட்தான், அதாவது ஃபோல்டர் ஒரு நேரத்தில் இருந்த நிலையின் பதிவு. பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டங்கள் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகள்) இரண்டிலும் ஸ்னாப்ஷாட் ஃபைலைப் பிரதி எடுப்பதில்லை. ஃபைல் அன்று இருந்த பிளாக்குகளை (டிஸ்க்கின் சிறு துண்டுகளை) பிடித்து வைத்துக்கொள்கிறது. தினம் ஒன்று வீதம் 30 ஸ்னாப்ஷாட் வைத்திருந்தால், பழைய ஃபைல் ஒன்றை இன்று அழித்தாலும் அதன் இடம் திரும்ப ஒரு மாதம் ஆகும். பலரும் இடறுவது இங்கேதான்: 29 ஸ்னாப்ஷாட்களை நீக்கியும் எண் அசைவதில்லை, மிச்சமிருக்கும் ஒன்று போதும் அதைப் பிடித்து வைக்க. இசட்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கு எதிரேயும் தெரியும் அளவு அதற்கு மட்டுமே உரிய பிளாக்குகளின் அளவு. அவற்றைக் கூட்டினால் உண்மையான மொத்தம் கிடைக்காது. எல்லா ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து பிடித்திருக்கும் இடத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். மாற்ற முடியாத வகை ஸ்னாப்ஷாட்டை, அதன் காலம் முடியும்வரை அட்மினாலும் நீக்க முடியாது. அந்த வசதியை இயக்குமுன் நாள் கணக்கை நன்றாக யோசித்து வையுங்கள்.

இடம் பிடிக்கிறதே என்று ஸ்னாப்ஷாட்டை அடியோடு நிறுத்துவது தவறு. மேலெழுதப்பட்ட ஃபைலை ரீசைக்கிள் பின் காப்பதில்லை, ஸ்னாப்ஷாட் காக்கும். டவுன்லோடு, தற்காலிக ரெண்டர் போன்ற அடிக்கடி மாறும் பெரிய ஃபைல்களுக்குத் தனி ஷேர்டு ஃபோல்டர் வைத்து, அதற்கு மட்டும் ஸ்னாப்ஷாட்டை அணைப்பதே சரியான தீர்வு.

மீடியா சர்வரோ கண்டெய்னரோ (நாஸில் தனித்து ஓடும் செயலி) திறந்து வைத்திருக்கும் ஃபைலின் பெயர் மறைந்தாலும் இடம் விடுபடாது. அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்தால் போதும்.

பின்னணியில் நடக்கும் விடுவிப்புக்கும் நேரம் வேண்டும், எண் உடனே மாறாது. இந்த ஃபைல் சிஸ்டங்களில் அழிப்பதற்கே புதிய மெட்டாடேட்டா (ஃபைல்களைப் பற்றிய குறிப்புகள்) எழுதியாக வேண்டும் என்பதால், வால்யூம் முழுக்க நிரம்பினால் அழிக்கும் கட்டளையே தோற்கலாம். 80 சதவீதத்தில் எச்சரிக்கை வைத்து, அது வந்த அன்றே பின்னையும் பழைய ஸ்னாப்ஷாட்களையும் குறைக்கத் தொடங்குங்கள்.