ஆறு பெட்டி எம்ஆர்டி, எட்டு ஸ்டட் அகலம்: மூன்றாண்டு ஓட்டத்துக்குப் பிறகு

1987 நவம்பர் 7 அன்று சிங்கப்பூரின் இயோ சூ காங் முதல் தோ பாயோ வரை ஓடிய முதல் எம்ஆர்டி (பெருவிரைவு) ரயில் கவாசாக்கியின் சி151. இப்போது ஓய்வுபெற்றுவிட்ட அந்த ரயிலை லெகோ பிரிக்கில் ஆறு பெட்டியாகக் கட்டி, வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் ஓட்டினால் மூன்று ஆண்டில் எது நிலைக்கிறது, எது தேய்கிறது என்பதே இந்தப் பகிர்வு. முடிவை முதலிலேயே சொல்லலாம். கூரையும் ஜன்னலும் கதவும் தொல்லை தருவதில்லை. தொல்லை எல்லாம் தரைக்கும் சக்கரத்துக்கும் இடையே இருக்கிற மூன்று சென்டிமீட்டரில்தான்.

அளவிலிருந்து தொடங்குவோம். பிரிக்கின் மேலுள்ள குமிழ்தான் ஸ்டட். இரண்டு குமிழ்களின் மையங்களுக்கு இடையே 8 மில்லிமீட்டர். உண்மையான பெட்டியின் அகலம் 3.2 மீட்டர், நீளம் சுமார் 23 மீட்டர். எட்டு ஸ்டட் அகலம் என்றால் 64 மில்லிமீட்டர், அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. ஆறு ஸ்டட்டில் கட்டினால் துண்டுகள் மிச்சமாகும். ஆனால் தண்டவாளம் ரயிலைவிடப் பருமனாகத் தெரியும், உள்ளே இருக்கை வைக்கவும் இடம் போதாது. எட்டுதான் சரி.

நீளத்தில் அந்தக் கணக்கு செல்லாது. ஐம்பதில் ஒரு பங்கு என்றால் பெட்டிக்கு 57 ஸ்டட்டுக்கு மேல் வரும். லெகோவின் வளைவுத் தண்டவாளத்துக்கு ஆரம் 40 ஸ்டட், அதாவது 320 மில்லிமீட்டர். 16 துண்டு சேர்ந்தால் முழு வட்டம். அந்த வளைவில் 57 ஸ்டட் பெட்டி போனால் நடுப்பகுதி உள்ளே சரிந்து, முனைகள் வெளியே வீசும். நாங்கள் பரிந்துரைப்பது 38 ஸ்டட். ஒரு காரணம் வளைவு, இன்னொன்று கதவு. எம்ஆர்டி பெட்டியின் ஒரு பக்கத்தில் நான்கு கதவு. கதவுக்கு 4 ஸ்டட், கதவுகளுக்கு இடையே 6, இரு முனைகளிலும் 2 என்று வைத்தால் கணக்கு மிச்சமில்லாமல் 38-ல் முடிகிறது. இடையிலுள்ள ஆறில் நான்கு ஜன்னலுக்கு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தூணுக்கு.

பெட்டியின் இரு முனைகளையும் தாங்கித் திரும்பும் சக்கரச் சட்டம்தான் போகி. போகிகளின் மையத்துக்கு மையம் 24 ஸ்டட். இந்த இடைவெளியில் வளைவின் உட்பக்கம் பெட்டி சுமார் 15 மில்லிமீட்டர் துருத்தும், வெளிப்பக்கம் முனைகள் சுமார் 18 மில்லிமீட்டர் வீசும். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருப்பது நல்லது. ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடிவிடும். நிலைய நடைமேடையை வளைவில் வைக்கவே கூடாது. நேர்பாதையிலும் வளைவு முடிந்து இரண்டு நேர்த்துண்டுகள் விட்ட பிறகே நடைமேடை தொடங்க வேண்டும், ஏனென்றால் முன்போகி வளைவில் நுழைந்ததுமே பின்முனை எதிர்ப்பக்கம் அசைகிறது.

பெட்டிகளுக்கு இடையே எவ்வளவு விடுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பார்வைக்கு 2 ஸ்டட் அழகாக இருக்கும். ஆனால் இந்த அளவுள்ள பெட்டிகளில் 2 ஸ்டட் இடைவெளி வைத்தால், முழு வளைவில் அடுத்தடுத்த பெட்டிகளின் உள்மூலைகள் முட்டிக்கொள்ளும். முட்டியதும் பின்பெட்டியின் போகி தண்டவாளத்தை விட்டு எழும்பும். 3 ஸ்டட் வைத்தால் மூலைகளுக்கு நடுவே நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு இடம் கிடைக்கிறது. போதும். அந்த இடைவெளியைக் கறுப்பு டைல் (மேலே குமிழில்லாத துண்டு) பதித்த தடுப்பால் மறைத்தால், உண்மை ரயிலின் இணைப்புப் பகுதிபோலவே தெரியும்.

காந்த இணைப்பைப் பெட்டியின் உடலில் பொருத்தாதீர்கள், போகியிலிருந்து நீளும் நாக்கில் பொருத்துங்கள். போகி மையத்திலிருந்து காந்தத்தின் முகம் எட்டரை ஸ்டட் தொலைவில் வரும். நாக்கு இவ்வளவு நீளமாக இருப்பதால் ஒற்றைப் பிளேட் (பிரிக்கைவிட மெல்லிய தட்டைத் துண்டு) வளையும். இரண்டு பிளேட் அடுக்கு வேண்டும்.

அடிச்சட்டம் ஒரு பிளேட், ஒரு பிரிக், மறுபடி ஒரு பிளேட் என்று மூன்றடுக்காக இருக்கட்டும். நடு அடுக்கில் இரு ஓரங்களிலும் நீளமான டெக்னிக் பிரிக்குகளை (பக்கத்தில் துளையுள்ளவை) ஓட்டுங்கள். மேலடுக்கின் ஒட்டும் கீழடுக்கின் ஒட்டும் ஒரே இடத்தில் வரக்கூடாது, குறைந்தது 4 ஸ்டட் தள்ளியிருக்க வேண்டும். ஒரே இடத்தில் வந்தால் சில மாதங்களில் பெட்டி நடுவில் தொய்ந்து, கதவுகளின் மேல்விளிம்பு திறந்துகொள்ளும். விலை மலிவு என்று வேறு நிறுவனத் துண்டுகளை ஒரே வரிசையில் கலப்பதும் ஆபத்து. ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு வித்தியாசம் இருந்தாலும், 38 ஸ்டட் நீளத்தில் அது சேர்ந்து சட்டத்தை வாழைக்காய்போல் வளைத்துவிடும்.

கதவை அரை ஸ்டட் உள்தள்ளினால்தான் பக்கவாட்டுக்கு உயிர் வரும். அதற்கு 1×2 ஸ்டட் அளவுள்ள, நடுவில் ஒரே குமிழ் கொண்ட ஜம்பர் பிளேட்டுகளை அகலவாக்கில் வைத்து, அவற்றின் நடுக்குமிழில் கதவின் ஒவ்வோர் இலையையும் நிறுத்த வேண்டும். ஆறு பெட்டிக்கு 48 கதவு, ஆக 96 ஜம்பர். ஜன்னல் 36. சிவப்புப் பட்டையை 1×8 பிளேட் 48, 1×6 பிளேட் 12 கொண்டு முடிக்கலாம். உடலுக்கு இளஞ்சாம்பல். இந்த எண்ணிக்கையில் பத்து விழுக்காடு கூட்டி வாங்குங்கள். இரண்டாம் முறை வரவழைக்கும் தபால் செலவு துண்டுகளின் விலையையே தாண்டிவிடும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் ஒரே பொதி 400 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டினால், உள்ளே வரும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி கட்ட வேண்டும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லெகோ துண்டு விற்கும் இணையச் சந்தையான பிரிக்லிங்கின் ஸ்டூடியோ மென்பொருள் இலவசம், வரைய அருமையான கருவி. ஆனால் அது உராய்வைக் காட்டாது. முழுப் பட்டியலையும் வாங்கும் முன் கையிலிருக்கும் எந்த நிறத் துண்டாலாவது இரண்டு அடிச்சட்டம் மட்டும் கட்டி, வளைவில் கையால் தள்ளிப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது போதும். அதைச் செய்யாமல் ஆறு பெட்டியையும் பிரித்துக் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இழுவைக்கு பவர்டு அப் ஹப் (மின்கலமும் ரிமோட் கட்டுப்பாடும் உள்ள லெகோ பெட்டி) ஒன்று, ரயில் மோட்டார் இரண்டு. ஆறு பெட்டிக்கு 12 போகி. மோட்டார் இரண்டு போக மீதி பத்துப் போகிக்கு, உலோக அச்சுள்ள சக்கரத் தொகுதி 20 வேண்டும். ஹப்பையும் மோட்டார்களையும் மூன்றாவது பெட்டியில் வையுங்கள். முதல் பெட்டியில் வைத்தால் ஐந்து பெட்டிகளின் சுமையும் ஒரே காந்தத்தில் விழும். வளைவு தொடங்கும் இடத்தில் அது விட்டுப்போகும். மூன்றாவதில் இருந்தால் பின்னால் மூன்றை இழுக்கும், முன்னால் இரண்டைத் தள்ளும். இரண்டு மோட்டாரும் ஒரே பக்கம் சுழல்கின்றனவா என்று தரையில் வைக்கும் முன்பே பாருங்கள். ஒன்றைத் திருப்பிப் பொருத்திவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும், ரயில் நின்ற இடத்திலேயே உறுமும்.

ஹப்புக்கு ட்ரிபிள் ஏ மின்கலம் ஆறு, ரிமோட்டுக்கு நான்கு. சாதாரண மின்கலம் புதிதில் 9 வோல்ட் தரும், ஆனால் ஓட ஓட வேகம் இறங்கிக்கொண்டே வரும். மறுமின்னேற்ற மின்கலம் 7.2 வோல்ட்தான், ரயில் சற்று மெதுவாகப் போனாலும் கடைசிவரை ஒரே சீராகப் போகும். இந்த எடைக்கு அதுவே பொருத்தம். இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டாவிட்டால் மின்கலங்களை வெளியே எடுத்துவிடுங்கள். கசிந்த மின்கலம் ஹப்பின் தகடுகளை அரித்தால் மாற்றுவதற்கு முழு ஹப்தான் உண்டு. இதற்காகவே மூன்றாவது பெட்டியின் கூரை மட்டும் நான்கு குமிழில் உட்கார்ந்து, ஒரே இழுப்பில் கையோடு வர வேண்டும்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரயிலின் மொத்த நீளம் 1.94 மீட்டர்; 16 வளைவின் முழு வட்டச் சுற்றளவு 2 மீட்டர். வெறும் வட்டத்தில் தலை வாலைத் தொட்டுவிடும். பக்கத்துக்கு எட்டு நேர்த்துண்டு சேர்த்தால் பாதை 1.73 மீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் அகலம் ஆகும். சோபாவுக்கும் டிவி அலமாரிக்கும் நடுவே அடங்கும். இடம் இருந்தால் வேறு நிறுவனங்கள் தயாரிக்கும் 72 ஸ்டட் ஆர வளைவு வாங்குங்கள். அகலம் 1.22 மீட்டருக்குப் போகும், ஆனால் மேலே சொன்ன உரசல்களில் பெரும்பகுதி மறைந்துவிடும். செலவழிக்க ஒரே ஒரு வாய்ப்பு இருந்தால் அலங்காரத்தில் போடாமல் இதில் போடுங்கள்.

இனி தேய்மானம். மோட்டார் சக்கரத்தின் ரப்பர் வளையம்தான் முதலில் போகும். டைல் தரையின் தூசி தண்டவாளத்தில் ஏறி ரப்பரை வழுக்கலாக்குகிறது. மாதம் ஒருமுறை ஈரத்துணியால் வளையத்தையும் தண்டவாளத்தின் மேல்முகத்தையும் துடைத்தால் பிடிப்பு திரும்பும். துடைத்தும் வழுக்கினால் வளையத்தை மாற்ற வேண்டியதுதான். அடுத்தது தலைமுடி. அச்சில் சுற்றிய ஒரே ஒரு நீள முடி அந்தச் சக்கரத்தைப் பிரேக் போட்டதுபோல் ஆக்கிவிடும். ரயில் திடீரென மந்தமானால் மோட்டாரைச் சந்தேகிக்காதீர்கள். பெட்டிகளைத் தனித்தனியாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் கையால் தள்ளிப் பாருங்கள். நான்கு நேர்த்துண்டு கடக்காமல் நிற்கும் பெட்டிதான் குற்றவாளி.

நம் ஊர் ஈரப்பதத்தில் உலோக அச்சில் மெல்லிய துரு படிவதும் உண்டு. உலர்ந்த துணியால் தேய்த்து, ஊசிமுனை அளவு சிலிகான் எண்ணெய் வையுங்கள். பெட்ரோலிய எண்ணெய் எதுவும் வேண்டாம். அது பிளாஸ்டிக்கில் விரிசல் விழவைக்கும். ஸ்டிக்கர்களின் ஓரம் ஈரத்தில் எழும்பும். அவற்றை இரண்டு துண்டுகளின் ஒட்டுக்கு மேல் ஒட்டாமல், ஒரே டைலுக்குள் அடங்குமாறு வெட்டி ஒட்டினால் அதிக நாள் தாங்கும்.

மாலை வெயில் படும் மேற்குப் பக்க ஜன்னலோரம் ரயிலை நிறுத்தாதீர்கள். சாம்பலும் வெள்ளையும் வெயிலில் மஞ்சளாகும், அதுவும் ஒரு பக்கம் மட்டும். வெயில் படும் இடத்தைத் தவிர்க்க வழியில்லை என்றால் வாரம் ஒருமுறை ரயிலைத் திருப்பி நிறுத்துங்கள், பெட்டிகளின் வரிசையை மாற்றாமல்.