துணைப்பாடம்: நேரிலா, இணையத்திலா?

அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளில் (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரிகள்) படிப்பவர்கள் பலர் வேலைக்கும் போகிறவர்கள்; கைக்குழந்தையோடு படிப்பவர்களும் உண்டு. கலிபோர்னியாவில் மட்டும் இத்தகைய அரசுக் கல்லூரிகள் 116. பாடத்தில் திணறுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்லித்தரும் இலவசத் துணைப்பாட மையம் வளாகத்தில் பெரும்பாலும் இருக்கிறது. ஆனால், அது மூடிய பிறகுதான் இவர்களில் பலருக்குப் புத்தகத்தைத் திறக்கவே நேரம் கிடைக்கிறது.

அந்த இடைவெளியில்தான் நெட்டியூட்டர், பிரெயின்ஃபியூஸ் போன்ற இணையச் சேவைகள் நுழைகின்றன. பணத்தைக் கல்லூரி கட்டிவிடுகிறது. கட்டுரையை இரவில் அனுப்பிவிட்டுத் தூங்கலாம். திருத்தக் குறிப்புகள் பிறகு வந்து சேரும். எழுத்துக்கு இது அருமையான ஏற்பாடு.

கணக்குக்கு? எனக்குச் சந்தேகம்தான். இயற்கணிதத்தில் திணறுகிறவருக்கு எங்கே சறுக்கினோம் என்பதே தெரியாது. கேள்வியை எப்படித் தட்டச்சு செய்வார்? பின்னத்தைத் திரையில் எழுதி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். நேரில் என்றால், பென்சில் தயங்கும் இடத்தைப் பார்த்தே எதிரில் உட்கார்ந்து சொல்லித்தருபவர் பிடித்துவிடுவார். அவரே சென்ற பருவத்தில் அதே பேராசிரியரிடம் படித்தவராகவும் இருக்கலாம். அந்தப் பேராசிரியரின் தேர்வுப் பழக்கம் எங்கோ இருக்கும் இணைய ஆசிரியருக்கு எப்படித் தெரியும்?

துணைப்பாடத்தைப் புதிதாகத் தொடங்கும் கல்லூரி எழுத்துப் பயிற்சியை இணையத்துக்கு விடட்டும். கணக்கு மேசையை மட்டும் இரவு 8 மணி வரை திறந்து வைக்கட்டும்.