ஜியோகேச்சிங் விளையாட வட்டக்கோட்டையா, மாத்தூரா?

ஜியோகேச்சிங் என்றால் ஒருவர் ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் பார்த்து மற்றவர்கள் தேடும் விளையாட்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் அதை விளையாட, பிள்ளைகளோடு என்றால் வட்டக்கோட்டை, கூட்டாளிகளோடு என்றால் மாத்தூர். கோட்டையில் வானம் திறந்து கிடப்பதால் போனில் ஜிபிஎஸ் அவ்வளவாக முரண்டு பிடிக்காது. ஆனால் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம், கல் இடுக்கில் டப்பாவைச் செருகக் கூடாது, டப்பாவுக்குப் பதிலாக அங்கே பார்த்துப் பதில் சொல்கிற கேள்விகள்தான் சரி, சின்னதுகளுக்கு அதுவே தாராளம். எனக்கு மாத்தூர்தான். 115 அடி உயரத் தொட்டிப்பாலத்திலிருந்து படியிறங்கிப் பறளியாற்றுப் பக்கம் போனால் மரங்கள் சிக்னலை மறைக்கும், போனில் வழிகாட்டும் அம்புக்குறி அங்குமிங்கும் தாவும், அப்புறம் கண்ணும் கையும்தான். மழைக்காலத்தில் கண்டுபிடித்தவர்கள் பேர் எழுதும் நோட்டை ஜிப் கவரில் போட்டே டப்பாவுக்குள் வையுங்கள். டப்பாவிலிருந்து பொம்மை எதையாவது எடுத்தால் அதே மதிப்பில் ஒன்றை வைக்க வேண்டும். மிட்டாய் மட்டும் வேண்டாம், எறும்பு மொய்த்துவிடும்.