கப்பல் தளத்தில் ஹெலிகாப்டரைப் பிடித்து வைப்பது எது: லாஷிங்கா, ஹார்பூனா, இழுகம்பியா?

உச்சிப்புளி கடற்படை விமானத்தளமான ஐ.என்.எஸ். பருந்தின் ஓடுதளத்தில் இறங்கும் சேத்தக் ஹெலிகாப்டருக்கு இந்தக் கேள்வியே கிடையாது. ஆடி மாதத் தென்கடலில் (மன்னார் வளைகுடா) பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்து உருளும் ரோந்துக் கப்பலின் தளத்தில்தான் கேள்வி வருகிறது. சக்கரம் தொட்ட முதல் சில நொடிகளில் அதைப் பிடித்து வைப்பது எது?

சேத்தக்கின் உச்ச எடை 2,200 கிலோ. கப்பல் 10 பாகை சாய்ந்தால் அதில் சுமார் 380 கிலோ பக்கவாட்டில் இழுக்கும்; 5,500 கிலோ துருவ் ஹெலிகாப்டர் என்றால் 950 கிலோவுக்கு மேல். ரோட்டர் சுழன்றுகொண்டே இருப்பதால் சக்கரத்தில் முழுப் பாரமும் இறங்கியிருக்காது. தளமோ உப்புநீரும் எண்ணெயும் பட்ட எஃகு. பிரேக் மட்டும் போதாது.

லாஷிங், அதாவது ஹெலிகாப்டரைத் தளத்தோடு சேர்த்துக் கட்டுவது, அதுதான் மலிவு. தளத்தில் வளையங்கள் இருந்தால் போதும், எந்த ஹெலிகாப்டரும் இறங்கலாம். ஆனால் தள அதிகாரி சைகை காட்டியதும் ஆட்கள் குனிந்து, விமானியின் கண்ணில் படும் பக்கமாக, சுழலும் ரோட்டருக்கடியில் ஓடிப்போய்க் கட்ட வேண்டும். அவர்கள் கட்டி முடிப்பதற்குள் கப்பல் இரண்டு தடவை உருண்டிருக்கும். ரோட்டர் ஓடும்போது அளவுக்கு மீறி இறுக்கினால் சக்கர அதிர்வுதாங்கி வேலை செய்யாது. சேத்தக் போல ரோட்டர் இறக்கைகள் கீலில் அசையும் வகைகளில் தரை அதிர்வு கிளம்பி எந்திரம் தன்னையே உலுக்கி உடைத்துக்கொள்ளும்.

கட்டுவதைவிட ஆபத்தானது அவிழ்ப்பது. நான்கு லாஷிங்கில் ஒன்றை அவிழ்க்காமல் விட்டுப்போனால், விமானி தூக்கும் விசையைக் கூட்டியதும் ஹெலிகாப்டர் அந்த முனையை அச்சாக்கிக் கவிழும். ஓரிரு நொடி வேலைதான். அந்த நேரத்தில் விமானியின் கை இன்னும் மேலே இழுக்கச் சொல்லும், விசையைக் குறைத்து இறக்குவதுதான் சரி. அவிழ்த்த லாஷிங்குகளை உயர்த்திப் பிடித்து விமானிக்கு எண்ணிக் காட்டுவது இதற்காகத்தான். வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துத் தவிர்ப்பவர்களைத் தளத்தில் விடவே கூடாது.

ஹார்பூனில் ஓட்டமே தேவையில்லை. தளத்தில் பதித்த தேன்கூட்டுத் துளைத் தட்டின்மேல் இறங்கி, விமானி பொத்தானை அழுத்தினால், வயிற்றிலிருந்து நீளும் கொக்கி ஒரு துளையில் மாட்டி எந்திரத்தைக் கீழே இழுத்துப் பிடிக்கும். கிளம்பும் கணத்தில் விட்டுவிடும். இதன் குறை பராமரிப்பில் இருக்கிறது: துளையில் பெயின்ட், துரு, கயிற்றுத் துணுக்கு அடைத்தால் கொக்கி மாட்டாது. தட்டுக்கு வெளியே இறங்கிவிட்டாலும் பயனில்லை, மறுபடி எழும்ப வேண்டியதுதான். நெடுநேரம் நிற்பதென்றால் லாஷிங்கும் போட்டாக வேண்டும்.

இழுகம்பி 1960களில் கனடா கடற்படை உருவாக்கியது. மிதந்து நிற்கும் ஹெலிகாப்டரிலிருந்து மெல்லிய கம்பி இறங்கும். ஆட்கள் அதன் நிலைமின்னைத் தரையிறக்கிவிட்டுக் கப்பலின் தடித்த கம்பியை அதில் மாட்டுவார்கள். கப்பலில் கம்பியைச் சுற்றி இழுக்கும் வின்ச் சீரான இழுவையோடு ஹெலிகாப்டரைக் கீழே கொண்டுவரும், தளத்துப் பொறி கவ்விக்கொள்ளும், பிறகு தண்டவாளத்திலேயே ஹேங்கருக்குள் நகர்த்திவிடும். நம் பழைய தாராகிரி, விந்தியகிரி போர்க்கப்பல்களில் சீ கிங் என்ற கனத்த ஹெலிகாப்டரை ஏற்றியது இந்த ஏற்பாட்டில்தான். கனத்த எந்திரம், சின்னக் கப்பல், முரட்டுக் கடல் மூன்றும் சேர்ந்தால் இதற்கு ஈடில்லை. ஆனால் எடை, ஹைட்ராலிக் வேலை, பழகிய ஆட்கள் என்று விலை அதிகம். தென்கடல் ரோந்துக்குச் சேத்தக்கையும் துருவையும் வைத்துக்கொண்டு இது வேண்டியதில்லை. ஹார்பூன் போதும் என்பதே எங்கள் முடிவு.

வடகடல் (பாக் விரிகுடா) கதை வேறு. ஆழம் குறைவு, தளமுள்ள பெரிய கப்பல் உள்ளே வராது. வாடைக்காலத்து அலையோ குட்டையாக, அடுத்தடுத்து வரும். விசைப்படகில் நோயாளி இருந்தால் ஹெலிகாப்டரின் வின்ச்சால் மேலே தூக்குவது மட்டுமே வழி. படகின் கம்பம், கொடி, வயர்லெஸ் கம்பியை இறக்கி வைக்க வேண்டும். கொக்கி முதலில் கடலையோ படகையோ தொட்டு நிலைமின் இறங்கட்டும், அதன்பிறகே கைவைக்கலாம். ஹெலிகாப்டரிலிருந்து இறங்கும் வழிகாட்டுக் கயிற்றைக் கையால் பிடிக்கலாம், படகில் எங்கேயும் கட்டக் கூடாது.