வாசலுக்கு வருபவரிடம் கரண்ட் பில்லைக் காட்டாதீர்கள்

லண்டனில் அம்மா அப்பா தனியாக இருக்கும் வீடுகள் கவனம்.

அம்மா இருப்பது ஹரோவில். இரண்டு மாதத்துக்கு முன் கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெடியன் வந்து, "அன்ரி, நீங்கள் கூடக் காசு கட்டுறீங்கள் போல. பில்லைக் காட்டுங்கோ, பார்த்துச் சொல்றன்" என்றிருக்கிறான். தமிழ்ப் பெடியன், அதனால் அம்மா உள்ளே விட்டார். பில்லில் பெரிய 'எஸ்' எழுத்துப் போட்ட பெட்டிக்குள் ஒரு நீண்ட இலக்கம் இருக்குமே, வீட்டுக் கரண்ட் இணைப்பின் அடையாள இலக்கம், அதைப் படம் எடுத்தான். "நான் வந்துபோனதுக்கு ஒரு சைன்" என்று டேப்லெட்டை நீட்டினான். அந்தச் சைனில் கம்பனியே மாறிவிட்டது.

இப்போது கம்பனி மாற 5 வேலை நாள் போதும். புதுக் கம்பனியின் கடிதத்தை விளம்பரமென்று அம்மா ஒதுக்கிவைத்திருக்கிறார். பழைய கம்பனி கடைசிப் பில் அனுப்பியபோதுதான் எனக்கு விஷயமே தெரியும்.

புது ரேட்டைப் பார்த்தேன். யூனிற் விலை கொஞ்சம் குறைவுதான், ஆனால் கரண்ட் பாவிக்காவிட்டாலும் நாளாந்தம் கட்டவேண்டிய ஸ்டாண்டிங் சார்ஜ் கூட. ஒரு கேத்தில், ஒரு ரிவியோடு இருப்பவருக்கு யூனிற் மலிவால் என்ன மிச்சம்? இரண்டு வருட ஒப்பந்தம் வேறு. நடுவில் விலகினால் தண்டம்.

வாசலில் வைத்து எழுதியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். அது தாண்டிவிட்டது. புதுக் கம்பனியோ "கையெழுத்து இருக்கிறதே" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னது. அப்புறம் பழைய கம்பனிக்குப் போன் அடித்து, இது 'எரோனியஸ் ட்ரான்ஸ்ஃபர்', அதாவது தவறான மாற்றம், ஏமாற்றி மாற்றியிருக்கிறார்கள் என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆளின் பேச்சே மாறியது. பழைய ரேட்டிலேயே திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

கோயிலில் இதைக் கேட்ட அன்ரிமார், "இதுக்குத்தான் நாங்கள் மாறுறேல்லை" என்கிறார்கள். 2021இல் எரிவாயு விலை ஏறிக் கம்பனிகள் வரிசையாக விழுந்த பயமும் சேர்ந்திருக்கிறது. ஆனால் அப்போதும் யார் வீட்டிலும் அதனால் கரண்ட் நிற்கவில்லை. கரண்ட், எரிவாயுக் கம்பனிகளைக் கண்காணிக்கும் ஒஃப்ஜெம் பெரும்பாலானவர்களை வேறு கம்பனிக்கு மாற்றிவிட்டது. மாறினாலும் அதே வயர், அதே மீற்றர்தான். விலையைப் பார்த்து நீங்களாக மாறுங்கள், அதில் பயமில்லை.

புதுக் கம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 8 வாரம் முடிந்தும் சரிவராவிட்டால் இப்படியான முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிக்கும் எனர்ஜி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் காசில்லை. அம்மா கையெழுத்திட்ட பக்கத்தின் பிரதியைக் கேட்டேன், இன்னும் தரவில்லை.