போர்வெல் தண்ணீரில் டிஷ்வாஷர்: டேப்லெட்டா, பவுடரும் உப்புமா?

கழுவி எடுத்த எவர்சில்வர் டம்ளரில் மாவு பூசினாற்போல் வெள்ளைப் படலம் தெரிகிறதா? பிழிந்து போட்ட எலுமிச்சை மூடியை எடுத்து அதன் மேல் ஒரு இழுப்பு இழுங்கள். தேய்த்த இடம் மட்டும் பளிச்சென்று ஆனால் படிந்திருப்பது சுண்ணாம்பு. வெறும் ஈர விரலுக்கே கரைந்து போனால், மிஷினின் உப்புத் தொட்டி மூடி இளகியிருக்கிறது அல்லது பவுடர் சரியாக அலசப்படவில்லை. சென்னையில் போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோ ஓடும் வீடுகளில் பெரும்பாலும் முதல் வகைதான். டம்ளரில் தெரியும் அதே படலம் உள்ளே ஹீட்டரிலும், தண்ணீர் பீய்ச்சும் கைகளின் துளைகளிலும் படிகிறது. மிஷினின் ஆயுளைத் தின்பது அதுதான்.

நாம் இதை ‘உப்புக் கறை’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதனாலேயே, ‘ஏற்கெனவே உப்புத் தண்ணீர், இதில் இன்னும் உப்பைக் கொட்டுவதா?’ என்று பலர் உப்புத் தொட்டியைக் காலியாக விடுகிறார்கள். கறையில் இருப்பது கால்சியமும் மெக்னீசியமும். மிஷினின் அடியில் உள்ள ரெசின் மணிகள் அவற்றைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிரம்பியதும், அவற்றைக் கழுவி மறுபடி வேலைக்குத் தயாராக்குவது தொட்டியில் உள்ள உப்புக் கரைசல். இந்த உப்பு பாத்திரத்துக்குப் போவதில்லை, ரெசினைக் கழுவிவிட்டு வடிகாலில் போய்விடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு டேப்லெட்டைப் பாருங்கள். ‘ஆல் இன் ஒன்’ டேப்லெட்டில் சுண்ணாம்பைக் கட்டிவைக்கும் பொருளும், நீர்த்துளி நிற்காமல் வழிந்தோடச் செய்யும் ரின்ஸ் எய்டும் கலந்திருப்பது உண்மை. ஆனால் அது தாக்குப்பிடிப்பது ஏறக்குறைய 21 ஜெர்மன் டிகிரி கடினத்தன்மை (தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தின் அளவு) வரைக்கும்தான். ஒரு டிகிரி என்பது கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 17.8 மில்லிகிராம், ஆக சுமார் 375 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, விரும்பத்தக்க அளவாக 200 மில்லிகிராமையும், வேறு வழியில்லாத இடத்தில் உச்சமாக 600-ஐயும் சொல்கிறது. அந்த 600 என்பது கிட்டத்தட்ட 34 டிகிரி. அப்படிப்பட்ட தண்ணீரில் டேப்லெட்டை மட்டும் நம்பினால் படலம் வராமல் இருக்காது. டேப்லெட்தான் வசதி என்றால் தாராளமாகப் போடுங்கள். உப்பையும் போடுங்கள், மிஷினில் கடினத்தன்மை எண்ணையும் சரியாக வையுங்கள்.

அந்த எண்ணுக்கு டி.டி.எஸ். மீட்டர் உதவாது. அது கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையைத் தனியே பிரித்துச் சொல்லாது. சொட்டு மருந்து விட்டு, தண்ணீர் சிவப்பிலிருந்து நீலமாகும்வரை எண்ணும் சோதனைக் கிட் வாங்குவதே நல்லது. கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீருக்கு மாறினால் மறுபடி சோதித்து எண்ணை மாற்ற வேண்டும்.

பவுடரின் பலம், அளவை நாமே தீர்மானிக்கலாம் என்பது. சாதாரண லோடுக்கு 20 முதல் 25 கிராம், எண்ணெய்ச் சட்டியும் குக்கரும் நிறைந்த லோடுக்கு 30 கிராம் போதும். டேப்லெட்டைப் பாதியாக வெட்ட முடியாது, அடுக்கடுக்காக வெவ்வேறு மருந்து. அரை மணி நேர புரோகிராமில் அது முழுதாகக் கரையாமல் பசையாக நின்றும்விடும். பவுடரின் பலவீனம் நம் ஊர்க் காற்று. திறந்த பாக்கெட் மழைக்காலத்தில் கல்லாகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, மிஷின் கதவில் உள்ள பவுடர் கிண்ணி காய்ந்திருக்கும்போது, மிஷினைப் போடுவதற்குச் சற்று முன் அதில் கொட்டுங்கள். ஜெல் இந்தப் போட்டியிலேயே இல்லை. மஞ்சள் கறையை வெளுக்கும் பெர்கார்பனேட் அதில் பொதுவாக இருக்காது, சாம்பார்ப் பாத்திரம் கழுவும் வீட்டுக்கு அது பெரிய குறை.

போர் தண்ணீர் வீட்டுக்கு எங்கள் தேர்வு: பவுடர், உப்பு, ரின்ஸ் எய்ட் மூன்றும் தனித்தனியாக. ரின்ஸ் எய்ட் எண்ணை, பாத்திரத்தில் நீர்த்துளி நின்று காய்ந்தால் ஒன்று கூட்டுங்கள், நீலம் ஓடிய கோடுகள் தெரிந்தால் ஒன்று குறையுங்கள்.

உப்பிலும் ஒரு போட்டி உண்டு. சமையல் தூள் உப்பு மலிவு, ஆனால் கட்டிப்படாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அதில் இருக்கும். நைசான தூள் பாறைபோல் இறுகி ஓட்டத்தை அடைக்கும். கடல் கல்லுப்பில் மண்ணும் மெக்னீசியமும் இருக்கும், நாம் வெளியேற்றப் பார்ப்பதே அதைத்தான். டிஷ்வாஷர் உப்பையே வாங்குங்கள். முதல் முறை மட்டும் தொட்டியைத் தண்ணீரால் நிரப்பி, பிறகு புனலில் உப்பைக் கொட்டுங்கள். வழியும் உப்புத் தண்ணீர் ஸ்டீலை அரிக்கும் என்பதால் நிரப்பியவுடன் முழு வாஷ் ஒன்றை ஓட்டிவிட வேண்டும். தவறிப்போய் அந்தத் தொட்டியில் பவுடரைக் கொட்டினால் ரெசின் கெடும். இது மன்னிக்காத தவறு.

ஏற்கெனவே படிந்த சுண்ணாம்பை எடுக்க வினிகரா, சிட்ரிக் அமிலமா? கணக்கு போட்டாலே தெரிந்துவிடும். 5 சதவீத வினிகர் 200 மில்லியில் இருப்பது 10 கிராம் அமிலம். 50 கிராம் சிட்ரிக் அமிலத்துக்குச் சுண்ணாம்பைக் கரைக்கும் திறன் அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல். வினிகரை வாரா வாரம் ஊற்றினால் ரப்பர் சீல்களும் கெடும். மிஷின் காலியாக இருக்கட்டும். சிட்ரிக்கை அடியில் தூவாதீர்கள், பல மிஷின்கள் ஆரம்பத்திலேயே ஒருமுறை தண்ணீரை வெளியேற்றும், பாதி வீணாகும். பவுடர் கிண்ணியில் 40, 50 கிராம் போட்டு மூடி, 60 டிகிரி சுற்றில் ஓட்டுங்கள். 70 டிகிரி வேண்டாம், சூடு கூடக் கூட கால்சியம் சிட்ரேட் கரைவது குறைந்து, அதுவே வெள்ளையாகப் படியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். பிளீச்சை எந்தக் காரணத்துக்கும் ஊற்றாதீர்கள். அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு, தனியாக ஊற்றினாலும் ஸ்டீலுக்குக் கேடு.

கடையில் கிடைக்கும் மிஷின் கிளீனர் பாட்டில், சுண்ணாம்போடு எண்ணெய்ப் பசையையும் எடுக்கும். தினமும் 50 டிகிரி புரோகிராமிலேயே ஓட்டும் வீட்டில் பசை சேர்ந்து நாற்றம் வரும், அங்கே அது சிட்ரிக்கைவிட மேல். மாதம் ஒருமுறை 70 டிகிரி கடாய் புரோகிராமில் பாத்திரம் கழுவினாலே பாட்டிலின் தேவை பாதியாகக் குறையும்.

குழாயில் அலசிவிட்டு அடுக்குவதா, வழித்துப் போட்டு அடுக்குவதா என்றால் வழித்துப் போடுவதே சரி. தண்ணீரின் கலங்கலை அளந்து வேலை செய்யும் மிஷின், அலசிய பாத்திரத்தைப் பார்த்துக் கழுவலைக் குறைத்துவிடும். ஆனால் தாளித்த கரண்டிக்கு விதிவிலக்கு. பீய்ச்சும் கையின் துளைக்குள் ஒரு கடுகு போனால் அப்படியே அடைத்து உட்கார்ந்துவிடும், மேல்தட்டின் ஒரு மூலை மட்டும் அழுக்காகவே வரும். கையைக் கழற்றி, குழாயடியில் குலுக்கி, துளையை ஊசியால் குத்தினால் கடுகு வெளியே விழும். கடுகு அங்கே போகாமல் தடுப்பது அடியில் உள்ள ஃபில்டர். வாரம் ஒருமுறை இடப்பக்கம் திருகி எடுத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வைக்கும்போது ‘கிளிக்’ என்று உட்காரும்வரை வலப்பக்கம் திருகுங்கள். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் சோறும் கறிவேப்பிலைக் காம்பும் நேராகப் பம்புக்குப் போகும்.