பிங்கா, கவுண்டரா?

கோண்டாவிலில் இணையம் விட்டு விட்டு வந்தால் எல்லாரும் முதலில் பிங் (ஒரு முகவரிக்குச் சின்னத் தரவுப் பொட்டலங்களை அனுப்பி, பதில் வருதா என்று பார்க்கிற சோதனை) போட்டுத்தான் பார்ப்பினம். கூகிளின் 8.8.8.8 முகவரிக்கு 100 தரம் அனுப்பி 7 திரும்பாவிட்டால் 7 சதவீத இழப்பு. சுகமான வேலை, ஆனால் எங்கே தொலைந்தது என்று அது சொல்லாது. வைஃபையில் போட்டால் இன்னும் குழப்பம், கேபிளில் போடுங்கோ.

நான் ரவுட்டரில் வெளி இணைய வயர் செருகுகிற ‘வான்’ போர்ட்டின் கவுண்டரை, அதாவது பிழைகளையும் தொலைந்த பொட்டலங்களையும் எண்ணி வைக்கிற கணக்கைத்தான் நம்புவேன் (சில வீட்டு ரவுட்டர்கள் அதைக் காட்டாது, அது வேறு கதை). சிஆர்சி பிழை (வழியில் கெட்டுப்போய் வந்த பொட்டலங்களின் எண்ணிக்கை) ஏறினால் வயர், கனெக்டர், போர்ட் பக்கம் கோளாறு. மாரி மழைக்குப் பிறகு ஏறினால் வெளி வயரை முதலில் சந்தேகிப்பேன். அவுட்புட் டிராப் (வெளியே அனுப்ப முடியாமல் ரவுட்டர் கைவிட்ட பொட்டலங்கள்) மட்டும் ஏறினால் அநேகமாக அப்லோட் வரிசை நிரம்பி வழியுது: கனடாவுக்கு வீடியோ கால் போகிற நேரத்தில் யாரோ கலியாணப் படங்களை ஏற்றுகினம்! எண் பழசாயிருக்கலாம், பூச்சியமாக்கி, 10 நிமிடம் கழித்துப் பாருங்கோ.